சிவராமலிங்கத்தின் வறுவல் க்யூ

இனி இந்தப் பிறவியில் எந்த வரிசையிலும் நிற்பதில்லை என்று சிவராமலிங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வாய் நிறையப் பற்பசை நுரையோடு சபதம் செய்தார். நுரையோடு செய்த சபதம் என்பதால் முதலில் யாருக்கும் புரியவில்லை. துப்பிவிட்டு வந்து மறுபடியும் செய்தார்.

அவருக்கு அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை. எந்த அலுவலகம் என்பது நமக்கு எதற்கு, வீண் வம்பு. அவருடைய மேசைக்கு முன்னால் காலை முதல் சாயங்காலம் வரை சங்கரன்கோவில் ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள். "வரிசையா வாங்க, வரிசையா வாங்க" என்று சொல்லிச் சொல்லியே அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். ஆனால் தாம் போய் ஒரு வரிசையில் நிற்பது என்றால் மட்டும் ஆகாது. முட்டி வலிக்கும். முதுகு பிடிக்கும். அவசரமாக யாராவது போனில் கூப்பிடுவார்கள், கூப்பிடாவிட்டால் இவரே கூப்பிடுவார். ரேஷன் கடை, டாக்டர் வீட்டு டோக்கன், ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் கோமதியம்மன் சன்னதி என்று எங்கே போனாலும் மனைவியிடம் ஒரே வாக்கியம்தான் சொல்வார்.

"நாயகி, லேடீஸ் லைன் சின்னதா இருக்கு பாரு. நீ போய் நில்லு."

கல்யாணமான நாளிலிருந்து பிரம்மநாயகி போய் நின்றுகொண்டிருக்கிறாள். லேடீஸ் லைன் ஒருநாளும் சின்னதாக இருந்ததில்லை என்பது அங்கே நிற்கிறவர்களுக்குத்தான் தெரியும். ஊரிலுள்ள அத்தனை ஆண்களும் தத்தம் மனைவியை அதையே சொல்லி அனுப்பினால் அது எப்படிச் சின்னதாக இருக்கும்? இதை அவள் எத்தனையோ தடவை எடுத்துச் சொல்லியிருக்கிறாள். அவர் காதில் ஏறியதே இல்லை. வேறு எதைப் பொறுத்தாலும் இந்த ஒன்றில் அவளுக்கு மெய்யாகவே மனத்தாங்கல் உண்டு.

"சபதம் எல்லாம் பலமா இருக்கு. வரிசைல நிக்காம எப்படி வண்டி ஓட்டப் போறிய?" என்றாள்.

"இனிமே உலகத்துல லைனே கிடையாதுட்டி. வர்ச்சுவல் க்யூ வந்தாச்சு."

"என்ன க்யூ?"

"வர்ச்சுவல்."

இட்லிமாவுத் தூக்குவாளியைத் திருப்பிக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு ஷரீபா பீவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வறுவலுக்கா க்யூ? எந்தக் கடைல அண்ணாச்சி? ஆட்டு வறுவலா, கோழி வறுவலா?"

"வறுவல் இல்ல தாயி, வர்ச்சுவல்! மதுரை ரோட்டுல புதுசா தீம் பார்க் தொறந்திருக்கான்லா. அங்கன ராட்டினம் ஏற வெயில்ல நிக்க வேண்டாம். போன்ல பேரக் குடுத்துட்டா, பேரு லைன்ல நிக்கும். ஆளு நெழல்ல உக்காந்து சர்பத்து குடிக்கலாம். நம்ம முறை வந்ததும் போன் கூப்பிடும். எந்திரிச்சுப் போயி ஏற வேண்டியதுதான்."

"பேரு நிக்குமா?"

"நிக்கும்."

"அதுக்குக் கால் கடுக்காதா?"

"பேருக்கு ஏது தாயி காலு!" சிவராமலிங்கத்துக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. "எவனும் நடுவுல பூர முடியாது. 'எங்க அத்தான் முன்னால நிக்காவ'ன்னு ஒருத்தி குடும்பத்தையே இழுத்துட்டு வந்து சொருக முடியாது. பச்சப்புள்ள அழாது. வயசாளி மயங்கி விழமாட்டாவ. நிக்கிற நேரத்துல நாலு வடை வாங்கித் திங்கலாம், வடைக்காரனும் பொழப்பான். இதக் கண்டுபிடிச்சவனுக்கு ஒரு செலை வைக்கணும்."

பிரம்மநாயகி தொடுத்துக்கொண்டிருந்த பிச்சிப்பூவைக் கீழே வைத்தாள்.

"அப்ப அங்க லேடீஸ் லைன் கிடையாதா?"

"லேடீஸும் கிடையாது, ஜென்ட்ஸும் கிடையாது."

"நான் நம்பல."

"பந்தயமா?"

"பந்தயந்தான். பார்க்குக்குள்ள போனதுல இருந்து வெளிய வாறது வரைக்கும் உங்க கால் ஒரு வரிசைலயும் நிக்கப்படாது. நின்னுட்டா, இந்த ஆடித்தபசுல இருந்து அடுத்த ஆடித்தபசு வரைக்கும் நம்ம வீட்டு வரிசை பூரா உங்களுக்கு. ரேஷன், டாக்டர், கோயிலு, எல்லாந்தான்."

"நிக்கலைன்னா?"

"ஆயுசுக்கும் நானே நிக்கேன். லேடீஸ் லைன் பெருசா இருக்குன்னு ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

சிவராமலிங்கத்துக்குத் தம் காதையே நம்ப முடியவில்லை. ஆயுள் முழுக்க நிற்காமல் இருக்கலாம், அதுவும் மனைவி வாயாலேயே! பொழுது போவதற்குள் அவள் மனசு மாறிவிடக் கூடாதே என்று அங்கேயே கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

"நான் சாட்சி," என்றாள் ஷரீபா பீவி. "சவூதில இருந்து மச்சானும் லீவுல வந்திருக்காவ. எங்க கார்லயே போயிருவோம் அண்ணாச்சி."

மறு ஞாயிறு நால்வரும் கிளம்பினார்கள். சவூதி மச்சான் ரசூல் வண்டி ஓட்டினார். அதிகம் பேசாத மனிதர். ஷரீபா பீவியின் கணவருக்கு அதற்கெல்லாம் வாய்ப்பும் குறைவு. வாசலில் வரிசை இருந்து தொலைத்தால் என்ன செய்வது என்று டிக்கெட்டையும் சிவராமலிங்கம் போனிலேயே வாங்கியிருந்தார். கேட் திறக்கும் முன்பே போய் முதல் ஆளாக நின்றார்.

"இது வரிசைல சேத்தியா?" என்று பிரம்மநாயகி கேட்டாள்.

"ஒத்த ஆளு வரிசை ஆகாதுக்கா. அதோட இன்னும் பார்க்குக்குள்ள போகல," என்று ஷரீபா பீவி நியாயம் தவறாமல் தீர்ப்புச் சொன்னாள்.

உள்ளே போனபின் நடந்ததையெல்லாம் பார்த்தால் சிவராமலிங்கம் சிலை வைக்கச் சொன்னதில் தப்பே இல்லை. போனில் நாலு பேரையும் பதிந்தார். வேப்பமர நிழலில் உட்கார்ந்தார்கள். போன் கிணுகிணுத்தது, கப்பல் ஊஞ்சலில் ஏறி ஆடினார்கள். மறுபடி பதிந்தார், தண்ணீர்ச் சறுக்கில் வழுக்கினார்கள். சாப்பாட்டையும் போனிலேயே சொல்ல, மேசைக்கே வந்தது. ஓரிடத்தில்கூட அவர் கால் நிற்கவில்லை. அக்கம்பக்கத்து மேசைக்காரர்களுக்கெல்லாம் வர்ச்சுவல் க்யூவின் மகிமையை, தாமே அதைக் கட்டிக் கொடுத்தவர் மாதிரி, விளக்கிக்கொண்டிருந்தார். பனவடலிசத்திரத்திலிருந்து வந்திருந்த ஒருவர் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

"என்னட்டி, எப்படி?" என்றார் பிரம்மநாயகியிடம்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். மனசாரத்தான் சொன்னாள். கால் வலிக்காமல் ஓர் இடத்தைச் சுற்றிப் பார்த்தது அவளுக்கே புதிதாக இருந்தது.

பாக்கி இருந்தது ராட்சத ராட்டினம் ஒன்றுதான். அதற்கும் பேர் கொடுத்தாயிற்று. அது முடிந்தால் வீடு, ஆயுள்கால விடுதலை. வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது.

"போனக் கொஞ்சம் குடுங்க, நாங்க போட்டோ எடுக்கணும்," என்றாள் பிரம்மநாயகி. கொடுத்தார். "அப்படியே இந்தப் பையையும் பிடிங்க. பாத்ரூம் போயிட்டு வந்துருதோம்."

ஷரீபா பீவியும் தன் பையை ரசூல் தோளில் மாட்டிவிட்டாள்.

கழிப்பறைக் கட்டடத்தின் நீளச்சுவர் ஓரமாக மட்டும் கொஞ்சம் நிழல் விழுந்திருந்தது. ஓர் ஆள் அகலத்துக்குத்தான். அதில் ஏற்கெனவே கணவன்மார்கள் பலர் நின்றிருந்தார்கள். ஒருவர் தோளில் சிவப்புப் பை, ஒருவர் கக்கத்தில் தங்கநிறப் பை, ஒருவர் கழுத்தில் பாசிமணி வைத்த பை. ரசூல் போய் ஒதுங்கினார். அவருக்குப் பின்னால் சிவராமலிங்கம் ஒதுங்கினார்.

"என்ன ரசூலு, காலைல இருந்து ஒரு லைன்ல நின்னோமாவே?"

"இல்லியே அண்ணாச்சி," என்றார் ரசூல், பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றியபடி.

"அதுதாம்வே நாகரிகம். மனுசன மனுசன் முதுகப் பாத்துக்கிட்டு நிக்க வைக்கது என்னா பொழப்பு? மாடு கூட அப்படி நிக்காது." இதை அவர் ரசூலின் முதுகைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

வேர்க்க விறுவிறுக்க ஓர் ஆள் கையில் ஊதாப் பையோடு வந்தார்.

"அண்ணாச்சி, இது எதுக்கு லைனு?"

"லைன் இல்லய்யா, நெழலு."

"அப்படியா," என்று அவர் சிவராமலிங்கத்துக்குப் பின்னால் நின்றுகொண்டார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

சிவராமலிங்கம் ஊதாப் பைக்காரரிடமும் திரும்பி, நிற்காமல் வாழ்வது எப்படி என்று ஆரம்பித்தார். ரேஷன் கடைக்கும் இது வரவேண்டும், சன்னதிக்கும் வரவேண்டும் என்றார். சுவாரசியத்தில் எவ்வளவு நேரம் போயிற்று என்பதே தெரியவில்லை. அவர் திட்டம் டாக்டர் வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்தபோது பிரம்மநாயகியும் ஷரீபா பீவியும் வந்தார்கள். கழிப்பறைப் பக்கமிருந்து வரவில்லை. ராட்டினப் பக்கமிருந்து வந்தார்கள். தலைமுடி காற்றில் பறந்து கலைந்திருந்தது. ஆளுக்கொரு குச்சி ஐஸ் வேறு.

"எங்கட்டி போன? பாத்ரூமுன்னுல்லா சொன்ன?"

"போகத்தான் கெளம்பினோம். அதுக்குள்ள போன் கூப்பிட்டுட்டு. முறை வந்தா விடப்படாதுன்னு நீங்கதான சொன்னிய. நீங்க சொன்ன மாதிரியே அருமையான ஏற்பாடு. ஆளு சுத்தலாம், நமக்குப் பதிலா வேற ஒண்ணு லைன்ல நிக்கும்."

"பேருதான நிக்கும்?"

"பேரா?" என்று சிரித்த பிரம்மநாயகி போனை நீட்டினாள். "ராட்டினம் உச்சிக்குப் போனப்ப எடுத்தது. மேல இருந்து நல்லாத் தெரியுது."

படத்தில் நீளமான சுவர் தெரிந்தது. சுவரை ஒட்டி, நூல் பிடித்த மாதிரி, ஒருவர் பின்னால் ஒருவராகக் கணவன்மார்கள். நடுவில் தம்முடைய வழுக்கையைச் சிவராமலிங்கம் சுலபமாகவே அடையாளம் கண்டுகொண்டார். ரேஷன் கடை, டாக்டர் வீடு, தபசுக் கூட்டம் எல்லாம் கண்முன்னே வந்து நின்றன.

"தோத்திட்டிய," என்றாள் அவள்.

"யாரு தோத்தா? இது வரிசையே இல்ல!"

"பின்ன என்னது அண்ணாச்சி?" என்றாள் சாட்சி.

சிவராமலிங்கம் அலுவலகக் குரலுக்கு மாறினார். அந்தக் குரலை எதிர்த்துச் சங்கரன்கோவிலில் இதுவரை எந்த மனுவும் ஜெயித்ததில்லை.

"தாயி, வரிசை எது, வரிசை இல்லாதது எதுன்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நெதமும் நான் பாக்கது அதுதான். வரிசைன்னா என்ன? முன்னால உள்ளவன் போனான்னா, பின்னால உள்ளவன் அந்த எடத்துக்கு நகரணும். இங்க எவனாவது நகந்தானா? நெழலுக்கு ஒதுங்கி நின்னோம், அவ்வளவுதான். நகந்தாத்தான் வரிசை. நகராட்டா அது சும்மா கூட்டம். கேட்டுப் பாருங்க ரசூல!"

ஷரீபா பீவி சைகை காட்ட, ரசூல் பையை அவளிடம் கொடுத்துவிட்டு நிழலை விட்டு வெளியே வந்தார்.

"அண்ணாச்சி, முன்னால எடம் விழுந்துட்டுல்லா," என்று ஊதாப் பைக்காரர் பின்னாலிருந்து முதுகில் லேசாகத் தட்டினார். "எனக்கு வெயிலு அடிக்கி."

சிவராமலிங்கம் நகர்ந்து நின்றார்.