கிலோ விலையில் பூமியைக் காத்த நாள்

சென்ற அக்டோபர் மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை, காலை ஒன்பதரை மணி முதல் மாலை நான்கு மணி வரை, நடுவில் ஒரு மணி நேரச் சாப்பாட்டு இடைவேளையுடன், இந்தப் பூமி காப்பாற்றப்பட்டது. காப்பாற்றியவர்கள் கிர்கிஸ்தானின் தலைநகர் பிஷ்கெக்கில் இருக்கும் எங்கள் நுகர்வுப் பண்பாட்டுத் துறையினர். உலகப் பத்திரிகைகள் இதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எழுதாவிட்டால் போகட்டும். துறையின் துணைத் தலைவரும் அன்றைய நிகழ்ச்சியின் கதாநாயகனும் குவானிச்பெக் என்கிற நான்தான் என்பதால், நானே எழுதிவிடுகிறேன். இது தற்புகழ்ச்சி என்று யாராவது சொன்னால், ஆமாம்.

ஐரோப்பாவிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் எங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தது. மக்கள் புதுத்துணி வாங்கி வாங்கிப் பூமியைப் பாழாக்குகிறார்கள். பழைய துணி வாங்கும்படி அவர்களுக்கு 'விழிப்புணர்வு' ஊட்டினால் மூன்று வருடத்துக்கு நிதி தருகிறோம் என்பது சாரம். எங்கள் தலைவர் எசென்பெக் கடிதத்தை ஒரு முறை படித்தார். நிதி வருகிற வரியை மட்டும் நான்கு முறை படித்தார். உடனே கூட்டம் கூட்டினார்.

"இனிமே நாம பழந்துணி உடுத்துற துறை. சனிக்கிழமை எல்லாரும் கடைக்குப் போறோம், வாங்குறோம், போட்டோ எடுக்குறோம். யாரு கண்டெடுக்குற பொருள் ரொம்ப உசத்தியோ, அவங்க டிசம்பர்ல வியன்னா மாநாட்டுக்குப் போறாங்க."

வியன்னா என்றதும், தூங்கிக்கொண்டிருந்த கணக்குப் பிரிவு விழித்துக்கொண்டது. நான் பக்கத்து நாட்டு அல்மாட்டி நகரத்தைத் தாண்டி எங்கும் போனவன் இல்லை. என் மைத்துனன் இஸ்தான்புல் போய் வந்து ஆறு வருடமாக அதையே பேசிக்கொண்டிருக்கிறான். எனக்கு வியன்னா எவ்வளவு தேவை என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

ஒரு சிக்கல். எங்களில் ஒருவருக்கும் பழந்துணிக் கடைக்கு வழி தெரியாது. தெரிந்தவர்களும் தெரியாது என்றுதான் சொன்னோம். அப்போது தேநீர்க் கோப்பைகளை எடுக்க உள்ளே வந்தாள் புருல், எங்கள் அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள். அவள் தலைமுதல் கால்வரை உடுத்தியிருந்தது யாரோ எங்கோ உடுத்திக் கழித்த துணி. கணக்குப் பிரிவின் குல்பரா தன் மிங்க் ரோமக் கோட்டை மாட்டும்போது, புருலின் கோட்டுக்கும் அதற்கும் நடுவில் எப்போதும் இரண்டு கொக்கி இடம் விடுவாள். இப்போது அதே குல்பரா, "அக்கா, ஒக்காருங்களேன்," என்றாள். புருல் பயந்துபோய்விட்டாள்.

தலைவர் அந்த இடத்திலேயே அவளைத் 'தலைமை ஆலோசகர்' ஆக்கினார். சம்பளம் கிடையாது, கௌரவம் மட்டும்.

"சனிக்கிழமை வேணாங்கய்யா," என்றாள் புருல். "திங்கக்கெழமை புதுச் சரக்கு எறங்கும். அன்னிக்கு வெல உச்சி. அப்புறம் தெனமும் கொறையும். ஞாயித்துக்கெழமை போனா ஒண்ணுமே இல்லாத வெலைக்கு அள்ளிட்டு வரலாம்."

"ஏம்மா, ஞாயித்துக்கிழமை என் மச்சினன் வீட்டுல விருந்து. அதுவும் இல்லாம, பூமியைக் காப்பாத்தப் போறவன் விலையைப் பாப்பானா?" என்றார் தலைவர்.

புருல் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஏற்பாடுகளைப் பற்றிச் சும்மா சொல்லக்கூடாது, பிரமாதம். 'புதிது வேண்டாம்' என்று எழுதிய நாற்பது புதுப் பனியன்கள் அச்சடித்தோம். அடுத்தவர் துணியைத் தொட வேண்டுமே என்று ஆளுக்கு ஆறு ஜோடி ரப்பர் கையுறை. காற்று மாசைக் குறைப்பது பற்றிய துண்டுப் பிரசுரங்களை ஏற்றிக்கொண்டு பத்து கார்கள் புறப்பட்டன. நகரத்தின் மேல் நிலக்கரிப் புகை கவிந்திருந்ததால் பத்தாவது காரிலிருந்து முதல் கார் தெரியவில்லை.

புருல் என் காரில் வந்தாள். பாதி வழியில் குரலைத் தாழ்த்தி, "ஐயா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லலாமா?" என்றாள்.

"சொல்லுங்கக்கா."

"பழந்துணியை எடை போட்டு விக்கிற லூடா கடையில எம்பொண்ணுக்கு ஒரு கோட்டு பாத்து வெச்சிருக்கேன். உள்ள எறகு அடைச்சது, கெண்டைக்கால் வரைக்கும் வரும். காலையில ஆறரைக்கே பஸ்ஸுக்கு நிக்கிறாய்யா புள்ள. போன வருஷத்துக் கோட்டு முழங்காலுக்கு மேல ஏறிப்போச்சு. ரெண்டு தடவ நெஞ்சுல சளி கட்டி ஆஸ்பத்திரியில கெடந்தா. அது கனமான கோட்டு, கிலோ வெலைக்கு இன்னிக்கு எனக்குக் கட்டாது. நாளைக்குக் கட்டும்."

"அதுவரைக்கும் யாரும் எடுத்துட மாட்டாங்களா?"

புருல் வெட்கத்தோடு சிரித்தாள். "ஒளிச்சு வெச்சிருக்கேன். எல்லாரும் பண்றதுதான். கடைசிச் சுவர் ஓரமா தெரச்சீலைக் குவியல் இருக்கும். அதை எவ வாங்குவா? அதுக்கடியில. திங்கக்கெழமையிலேர்ந்து தெனமும் வேலை முடிச்சுப் போய்ப் பாத்துட்டு வரேன். நம்ம ஆளுங்க யாரும் அந்தப் பக்கம் போயிடாம நீங்க கொஞ்சம் பாத்துக்குங்கய்யா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"கவலையை விடுங்கக்கா. நான் இருக்கேன்ல?" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். காலை பத்து மணிக்கு நான் நல்லவனாகவே இருந்தேன் என்பதற்கு என் டிரைவர் சாட்சி.

முதலில் ஒரு கமிஷன் கடைக்குப் போனோம். வீட்டில் வேண்டாத பொருளை அங்கே கொடுத்து வைத்தால், விற்ற பிறகு கமிஷன் போக மீதியைத் தருவார்கள். உள்ளே நுழைந்ததும் எங்களை வரவேற்றவை, தங்க ஜரிகை போட்ட வெல்வெட் அங்கிகள் நான்கு. ஓய்வு பெற்றவர்களுக்கு எங்கள் துறை விழா எடுத்துத் தோளில் போர்த்திய அதே அங்கிகள். ஒன்றின் காலரில் எங்கள் முத்திரைகூட இருந்தது.

"பாவிங்க, பண்டிகைக்குக்கூட ஒரு தடவை போடல போலிருக்கே," என்றாள் குல்பரா.

தலைவரோ முகம் மலர்ந்தார். "மரியாதைக்கும் மறுசுழற்சி! நாலையும் கட்டுங்க. வர்ற வருஷம் நாலு பேரு ஓய்வு பெறுறாங்க." வரும் வருடம் ஓய்வு பெறப் போகிற நால்வரும் பக்கத்திலேயே நின்று கைதட்டினார்கள்.

மதியம் லக்மான் நூடுல்ஸ் சாப்பிட்டு, பிளாஸ்டிக் தட்டுகளைத் தூக்கிப்போட்டுவிட்டு, லூடாவின் கடைக்கு வந்து சேர்ந்தோம். பழைய தொழிற்சாலை ஒன்றின் அடித்தளம். மலைமலையாகத் துணி. லூடா, ஐம்பது வயது ரஷ்யப் பெண்மணி, தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். நாற்பது அரசு ஊழியர்கள் ஒரே பனியனில் உள்ளே இறங்குவதைப் பார்த்ததும் விதை தொண்டையில் சிக்கிவிட்டது.

"எல்லா வரியும் கட்டியாச்சுங்க," என்றாள், நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே.

புருல் 'பயிற்சி வகுப்பு' எடுத்தாள். "மொதல்ல அக்குளை மோந்து பாருங்க. அப்புறம் ஜிப்பு. அப்புறம் தையலை உள்பக்கமாத் திருப்பிப் பாருங்க." நாற்பது பேர் குறிப்பெடுத்துக்கொண்டோம். சட்டத்துறையிலிருந்து வந்த இரண்டு பேர் ஒருவர் அக்குளை ஒருவர் மோந்து பார்த்துவிட்டு, துணியைத்தான் சொன்னார்கள் என்று பிறகு புரிந்துகொண்டார்கள்.

பிறகு வேட்டை தொடங்கியது. குல்பரா முத்து கோத்த ஒரு கைப்பையைக் கண்டெடுத்தாள். உள்ளே ஏதோ ஊரின் பழைய டிராம் டிக்கெட். "வரலாறு!" என்று கண்ணீர் விட்டாள். போட்டோக்காரர் அந்தக் கண்ணீரை மூன்று கோணத்தில் எடுத்தார். தலைவர் தலையசைத்த விதத்தைப் பார்த்தால் வியன்னாவுக்கு டிக்கெட்டே போட்டுவிட்டார் போல இருந்தது. என் கையில் இருந்தது ஜிப்பு இல்லாத ஒரு பனிச்சறுக்குச் சட்டை. போட்டி முடியக் கால் மணி நேரம்.

எனக்கும் மனசாட்சி உண்டு. ஆனால் அது அரசு ஊழியனின் மனசாட்சி. மேலதிகாரியின் ஒப்பம் இல்லாமல் வேலை செய்யாது. கால்கள் தாமாகவே கடைசிச் சுவர்ப் பக்கம் நடந்தன. சும்மா பார்த்துவிட்டு வரலாம், பத்திரமாக இருக்கிறதா என்று. காவல் காப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேனே.

பத்திரமாகத்தான் இருந்தது. கருநீலம். கையை உள்ளே விட்டதும் கதகதப்பு முழங்கை வரை ஏறியது. தையல் ஒவ்வொன்றையும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

"ஐயா." புருல் என் பின்னால் நின்றாள். "அதை மூடி வெச்சிருங்கய்யா. யாராவது பாத்துருவாங்க."

"அக்கா, இதுக்குப் பணம் கட்டிட்டீங்களா?"

"நாளைக்குக் கட்டுறேன்னு சொன்னேனேங்கய்யா."

"அப்போ சட்டப்படி பாத்தா, இது இன்னும் யாரோடதும் இல்ல."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்களுக்கு வேற நல்லதா தேடித் தரேன். அந்தப் பக்கம் ஒரு தோல் பெட்டி கெடக்கு, அருமையானது, யாரும் பாக்கல. வாங்கய்யா, காட்டுறேன்."

உண்மையிலேயே போயிருப்பேன். போக ஒரு காலைத் தூக்கிவிட்டேன். அந்த நேரம் பார்த்துத் தலைவரின் குரல்: "என்னய்யா குவானிச்பெக், ஏதாவது தேறிச்சா?"

கோட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். கடையே "ஆஹா" என்றது. அடுத்த நிமிடம் அது தராசில் கிடந்தது.

"அது அவளோடது," என்றாள் லூடா.

"ரசீது இருக்கா?" என்றார் தலைவர்.

"லூடா," என்றாள் புருல், "இன்னிக்கு வெலையே போட்டுக்கோ. கையில இருக்குறதைத் தரேன், மிச்சத்தைச் சம்பளம் வந்ததும் கட்டிடுறேன்."

லூடா அவளைப் பார்த்தாள். எங்கள் நாற்பது பனியன்களைப் பார்த்தாள். சுவரில் தொங்கிய கடை உரிமத்தைப் பார்த்தாள். அது டிசம்பரில் முடிகிறது. எடைக்கல்லை வைத்தாள்.

தலைவர் புருலின் தோளைத் தட்டி, "நல்ல ஆலோசனைம்மா, கலக்கிட்டே!" என்றார். கோட்டைச் சுமந்து காரில் வைத்தவளும் அவள்தான். திரும்பும்போது என் காரில் ஏறவில்லை; பஸ்ஸில் போய்க்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். பஸ் பூமிக்கு நல்லது என்பதால் நான் வற்புறுத்தவில்லை.

போட்டியில் நான் வென்றேன். டிசம்பரில் வியன்னா போனேன். அங்கே குளிர் தாங்காமல் புதுக் கோட்டு ஒன்று வாங்கினேன். வென்ற கோட்டைத்தான் போட முடியாதே! தலைவர் அதைத் துறையின் 'பசுமைச் சின்னம்' என்று அறிவித்து, நுழைவாயிலில் கண்ணாடிப் பேழை செய்து, உள்ளே மாட்டிப் பூட்டிவிட்டார். 'தொடாதீர்' என்று ஒரு பலகையும் உண்டு. வருகிறவர்களின் மூச்சுப்பட்டுக் கண்ணாடி மங்கிவிடும். தினமும் காலையில் அதைத் துடைப்பது புருல்.

ஒருநாள் துடைத்தபடியே, "ஐயா, இதை எப்போ வெளிய எடுப்பாங்க?" என்று கேட்டாள்.

"திட்டக்காலம் மூணு வருஷம்க்கா."

"அதுக்குள்ள புள்ள வளந்துருவாளே."

"வளர்ச்சிதானேக்கா நம்ம நோக்கம்?" என்றேன். கூட்டங்களில் இப்படிச் சொன்னால் கைதட்டுவார்கள். அவள் வாளியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

ஜனவரி மாதத்துக் கடுங்குளிரில், பள்ளி விட்டு அம்மாவைத் தேடி வந்த ஒரு சிறுமி பேழையின் முன்னால் வெகுநேரம் நின்றிருக்கிறாள். போகும்போது பார்வையாளர் பதிவேட்டில் எழுதிவிட்டும் போயிருக்கிறாள்:

'இந்தக் கோட்டை நான் ஒரு புதன்கிழமை கடையில் போட்டுப் பார்த்தேன். மிகவும் கதகதப்பாக இருந்தது. கை மட்டும் கொஞ்சம் நீளம். அடுத்த வருஷத்துக்கும் ஆகும் என்று அம்மா சந்தோஷப்பட்டார். இப்படிக்கு, அய்ஜமால், ஏழாம் வகுப்பு.'

எங்கள் பதிவேட்டில் 'பாராட்டு' என்று ஒரு பத்திதான் உண்டு; 'புகார்' என்று ஒன்று அச்சடிக்கவில்லை. எனவே பாராட்டாகக் கணக்கிட்டு ஐரோப்பாவுக்கு அனுப்பிவைத்தேன். அந்த வரிகள் அவர்கள் நெஞ்சைத் தொட்டுவிட்டனவாம். திட்டத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டித்திருக்கிறார்கள். ஆக மொத்தம் ஐந்து வருடம் கோட்டு உள்ளேதான்.

அய்ஜமாலுக்குத் துறையின் சார்பில் நன்றிக் கடிதம் ஒன்று தயாராகி என் மேஜைக்கு வந்திருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்குக் கீழே 'துணைத் தலைவர்' என்று அச்சடித்திருக்கிறார்கள். 'திருடன்' என்று அச்சடித்திருந்தாலும் போட்டுத்தான் கொடுத்திருப்பேன்.