என் அப்பா வழியில் ஆமை ஆகாது

உயிரே போனாலும் அந்த ஆமைகள் இரண்டையும் குழம்பாக விடுவதில்லை என்று நான் தீர்மானித்தபோது, என் மனைவி ஃபோரிவா குழம்புக்குச் செம்பனைப் பழத்தை இடித்துச் சாறு பிழிந்துவிட்டாள். அடுப்பும் எரிந்துகொண்டிருந்தது. யோசிக்க நேரமில்லை. நேரமிருந்தால் மட்டும் என்ன கிழித்திருப்பேன் என்று கேட்காதீர்கள்.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். நான் வியாசோ என்கிற ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். வீட்டுக்குப் பின்னால் வாழை, அதைத் தாண்டினால் காடு. அந்த வருஷம் நல்ல மழை. மழை விட்டதும் காளான் தின்ன வெளியே வந்த ஆமைகளில் இரண்டைப் பிடித்து, கொடியில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார் பாடு என்கிற வேட்டைக்காரர். மறுநாள் ஃபோரிவாவின் அண்ணன் வருவதாக இருந்தது. அவனுக்கு ஆமைக் குழம்பென்றால் உயிர்.

எனக்கு ஆமையென்றாலே உயிர். ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். முதுகோட்டின் பின்பக்கம் குறுக்கே ஒரு கீல். தொட்டதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, ஓட்டின் பின்பாதியைக் கதவு மாதிரி இறக்கிச் சாத்திக்கொண்டது. முதுகில் கீல் வைத்த ஆமை உலகத்திலேயே இது ஒன்றுதான். பாடம் நடத்தியிருக்கிறேனே தவிர, கையில் எடுத்தது அன்றைக்குத்தான். அதைப் போய்ச் சட்டியில் போடுவதா?

"எங்க அப்பா வழியில ஆமை ஆகாது," என்றேன்.

எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சே கிடையாது. ஒருத்தருக்கு நத்தை ஆகாது, ஒருத்தருக்கு வெள்ளைக் கோழி ஆகாது. அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருகிற விலக்கு அது. ஏன் எதற்கு என்று யாரும் கிளற மாட்டார்கள். என் அப்பா இருந்ததோ கடற்கரைப் பக்கம், லாரியில் ஒரு நாள் பயணம். யார் போய்க் கேட்கப் போகிறார்கள் என்ற தைரியம் எனக்கு.

ஃபோரிவா கரண்டியும் கையுமாக என் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ரெண்டு வருஷமா சொல்லலியே?"

"ரெண்டு வருஷமா ஆமை வரலியே."

"அதுவும் சரிதான்." அண்ணனுக்குக் கருவாடு போட்டுச் சமாளித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள்.

ஜெயித்துவிட்ட குஷியில் ஆமையைத் தூக்கக் குனிந்தேன். கரண்டி என் மணிக்கட்டில் விழுந்தது.

"விலக்குன்னா தொடவும் கூடாது வாத்தியாரே. உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சுன்னா உங்க அப்பாவுக்கு யாரு பதில் சொல்றது?"

மாட்டிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் ஆமை சட்டிக்குப் போகும். சொல்லாவிட்டால் ஆமை அவள் கைக்குப் போகும். சொல்லவில்லை.

மூங்கில் வேலி மட்டும் நான் போட்டேன். அதற்கப்புறம் வேலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவளும் ஆமைகளும். நான் வாயால் ஆமை வளர்த்தேன். நிழல் வேண்டும், சருகு நிறையப் போடு, தட்டில் தண்ணீர் வை, நத்தை கொடு, அழுகின பப்பாளி கொடு என்று வேலியைப் பிடித்துக்கொண்டு கத்துவேன். அவள் பாட்டுக்கு வேலை செய்வாள். ஆணா பெண்ணா பார்க்கிற அன்றைக்கும் அப்படித்தான். வால் நீளமாகத் தடிமனாக இருந்தால் ஆண், வயிற்றுப் பக்க ஓடும் குழிந்திருக்கும் என்றேன். புரட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுக்கு வால் நீளம், வயிறு குழி. இன்னொண்ணுக்கு வால் குட்டை."

"வயிறு?"

"உங்களுது மாதிரி இருக்கு."

ஒரு தடவை அவள் சந்தைக்குப் போனபோது உள்ளே போய்த் தடவிப் பார்த்துவிட்டேன். விரலில் ஒட்டிய மண் காட்டிக்கொடுத்தது. தோஷம் கழிய ஒரு கோழி அறுக்க வேண்டும், தொட்டவன் அதைத் தின்னக் கூடாது, அவர்கள் ஊரில் அப்படித்தான் என்றாள். அவளும் அண்ணனும் கோழி சாப்பிட்டார்கள். நான் எதிரே உட்கார்ந்து வெறும் வேகவைத்த வாழைக்காய் தின்றேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவளுக்கு என்னைவிடக் கை ராசி. ஆண் ஆமை முட்டிக் கடித்துப் பெண்ணைப் படுத்துகிறது என்று தானே கண்டுபிடித்து, நடுவே வாழைத்தண்டைப் போட்டுப் பிரித்தாள். மழை பெய்கிற நாளில் மட்டும் சேர்த்து விட்டாள். ஒரு நாள் சருகுக்கடியில் இரண்டு முட்டை. எடுக்கும்போது புரளக் கூடாதே என்று மேல்பக்கம் அடுப்புக்கரியால் புள்ளி வைத்து, ஈரச் சருகு மண் போட்ட பானைக்குள் அப்படியே இறக்கினாள். ஐந்து மாதம். ஹர்மட்டான் என்கிற வறண்ட காற்று வந்து எங்கள் உதடெல்லாம் வெடித்தபோதும் அந்தப் பானை காயாமல் தண்ணீர் தெளித்தாள்.

குஞ்சு வந்த காலையில் என்னைக் கூப்பிட்டாள். எலுமிச்சம்பழத்தில் பாதி இருக்கும். முதுகில் கீல் இல்லை, வளர வளரத்தான் வரும் என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகை வந்துவிட்டது. வேலிக்கு மேலாக உள்ளங்கையை நீட்டி, என் மூக்குக்கு நேரே காட்டினாள். அப்போது அவள் முகம் இருந்த இருப்பு இன்னும் எனக்கு மறக்கவில்லை. அந்த மாதிரி ஒரு காலை அப்புறம் எனக்கு வாய்க்கவேயில்லை.

ஊரில் எங்கள் வீட்டுக்கு ஆமைக்காரி வீடு என்று பேராகிவிட்டது. வாத்தியார் வீடு என்றால் யாருக்கும் தெரியாது. வருஷங்கள் ஓடின. என் பிள்ளைகள் மூன்று பேரும் ஆமையைத் தொடாமலே வளர்ந்தார்கள். போன மாதம் பெரியவன் தன் மகளுக்கு, நம் வழியில் ஆமை ஆகாது என்று பயபக்தியோடு சொல்லிக்கொடுத்தான். மனசு உறுத்திவிட்டது. முப்பத்தாறு வருஷப் பொய்.

ஃபோரிவா நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"தெரியும்," என்றாள். உரிப்பதை நிறுத்தவில்லை.

"எப்போலேர்ந்து?"

"நீங்க சொன்னப்பவே. உங்க முகத்தைப் பார்த்தேன். பாவமா இருந்துச்சு, விட்டுட்டேன்."

"அப்ப என்னை ஏன் தொடவே விடலை?"

"பெத்த அப்பா பேர்ல பொய் சொன்னா சும்மா விடுவாங்களா?"

பொய் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. கேட்டேன்.

"பொண்ணு கேட்டு எங்க வீட்டுக் கதவைத் தட்டப் பெரியவங்க மட்டும் வந்தாங்களே, நீங்க வரலை. அன்னிக்கு உங்க அப்பா ஆமைக் குழம்பு மூணு கிண்ணம் சாப்பிட்டாரு. ஊத்தினதே நான்தான்."