அட்டைக்காரரும் ஒரு சிவப்புத் துளியும்

அறந்தாங்கியில் எங்கள் தெருவில் கார் வைத்திருப்போரை இரண்டே இனமாகப் பிரிக்கலாம்: அட்டைக்காரரிடம் திட்டு வாங்கியவர்கள், இனி வாங்கப்போகிறவர்கள். மூன்றாம் இனம் கிடையாது.

வளைகுடாவில் ஓட்டுநராக இருந்து திரும்பிய அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஏதோ உண்டு. விடிந்ததும் தம் பழைய காரின் அடியில் இரவு விரித்துவைத்த காகித அட்டையை உருவி, அதில் என்ன ஒழுகியிருக்கிறதென்று வெளிச்சத்தில் ஆராய்வதால், தெரு இட்ட பெயரே நிலைத்துவிட்டது. கறுப்புத் துளியென்றால் என்ஜின். சிவப்பென்றால் பவர் ஸ்டீயரிங். வெறும் நீரென்றால் ஏசி. தம் காரோடு நின்றிருந்தால் அவர் சாதாரண மனிதர். அவரோ தெருவிலுள்ள கார்கள் அனைத்துக்கும் அடியில் அட்டை செருகினார். நிற்கும் காரில் எவரேனும் ஸ்டீயரிங்கை முறுக்கினால், குளியலறையிலிருந்தும் துண்டோடு ஓடிவருவார்.

“வண்டிய உருட்டிக்கிட்டுத் திருப்புங்க சார்! கடைசி வரைக்கும் ஒடிச்சுப் புடிச்சுக்கிட்டே நின்னா, ஆயில் சூடேறி, அத ஒழுகாமத் தடுக்குற சீல் போயிருமுல்ல!”

“சீல் என்னுதுண்ணே.”

“வலி அதுக்குல்ல?”

துக்க வீடொன்றில், அழுதுகொண்டிருந்தவரின் தோளை ஆதரவாகத் தொட்டு, “ஆயில் மூடியத் தொறந்து பாத்து எம்புட்டு நாளாச்சு?” என்று வினவியவரும் அவரே.

அவர் மகளைப் பெண் பார்க்கக் கறம்பக்குடியிலிருந்து வந்தார்கள். முன்பு வந்த வரன்கள் இத்தகைய விசாரணைக்கு அஞ்சியே நழுவியிருந்தன. இந்த வரனோ மகளுக்கு மிகவும் பிடித்த வரன். எனவே அவர் மனைவி அட்டைகளை அறையில் வைத்துப் பூட்டினார்.

“இன்னைக்கு எந்த வண்டிக்கு அடியிலயாச்சும் தலைய விட்டீங்க, நான் எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருவேன்.”

அவரும் அடக்கமாகத் தலையாட்டி, வாசலில் நின்ற தம் காரைத் தெருக்கோடிக்கு நகர்த்தி, விருந்தினர் காருக்கு இடம்விட்டார். எல்லாம் நன்றாகவே நடந்தது, கேசரி பரிமாறும்வரை. கைகழுவ வெளியே வந்தவர், விருந்தினர் காரின் முன்சக்கரத்தருகே ஒரு சிவப்புத் துளியைக் கண்டுவிட்டார்.

“சம்மந்தி! இங்கிட்டு வாங்க! ஒங்க வண்டியில பவர் ஸ்டீயரிங் ஆயில் ஒழுகுது! இதோட ஒங்கள ஊருக்குப் போக விடமாட்டேன்!”

மனைவி தலையில் கைவைத்தார். மாப்பிள்ளையின் தந்தை முகம் கறுத்து வெளியே வந்தார்.

“புது வண்டிங்க.”

“புதுசுன்னா ஒழுகாதா? பானட்டத் தொறங்க!”

திறந்தார்கள். அட்டைக்காரர் தலையை உள்ளே நுழைத்து எண்ணெய்க் குப்பியைத் தேடினார். காணோம். இன்னும் ஆழமாக நுழைத்துத் தேடினார். மாப்பிள்ளை மெல்லக் கனைத்தார்.

“மாமா, இதுல அந்த ஆயிலே கெடையாதுங்க. ஸ்டீயரிங் கரண்டுல திரும்புறது.”

மாடிகளிலும் வாசல்களிலும் நின்று நாங்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம். அட்டைக்காரர் துளியைப் பார்த்தார். பிறகு தெருக்கோடியில் நின்ற தம் காரைப் பார்த்தார். காலால் தேய்த்துவிட்டு உள்ளே போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

“காலையில இந்த எடத்துல நின்னது என் வண்டிங்க. ஒழுகுனது அதுதான். ஒங்க வண்டியக் கொற சொன்னது என் தப்பு. அதுக்காக எம் மகள வேணாமுன்னுறாதீங்க.”

நாள்தோறும் அவரைக் கேலி செய்த நாங்களே, இந்த வரன் நழுவிவிடக் கூடாதென்று வேண்டிக்கொண்டோம்.

மாப்பிள்ளையின் தந்தை அவரை ஏற இறங்கப் பார்த்தார்; பிறகு சிரித்தேவிட்டார்.

“ஒழுகுறது தன்னோடதுதான்னு ஒத்துக்கிற மனுசன நான் இப்பத்தாங்க பாக்குறேன். உள்ள வாங்க, தேதியப் பேசுவோம்.”

தெருவே கைதட்டியது. முதலில் தட்டியது யார் என்னும் வழக்கு எங்களுக்குள் இன்னும் தீரவில்லை. நான்தான் என்பது என் கட்சி. எவருக்கும் அதை விட்டுக்கொடுப்பதாக இல்லை.