பொக்கைப் பாப்பா தேவை

"வெள்ளிக்கிழமை நம்ம கம்பெனி பொன்விழா மேடையில அந்தக் குழந்தை உட்கார்ந்திருக்கணும். இல்லேன்னா திங்கட்கிழமை உங்க நாற்காலியில நீங்க இருக்க மாட்டீங்க," என்றார் முதலாளி.

விளம்பர அதிகாரி தலையாட்டினார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர் தவறாமல் செய்துவந்த காரியம் அது ஒன்றுதான்.

பிஸ்கட் பாக்கெட்டில் கிலுகிலுப்பையோடு கண்ணை மூடிச் சிரிக்கும் பொக்கைப் பாப்பாவைத் தெரியாதவர்கள் கிடையாது. பல் விழுந்த பிள்ளைகளுக்கெல்லாம் பட்டப்பெயர் அதுதான். கர்ப்பிணிகளில் அந்தப் படத்தைப் பார்த்தே பத்து மாதத்தையும் ஓட்டியவர்கள் உண்டு. ஐம்பது வருடமாக ஊரே கொஞ்சிய அந்தக் குழந்தை யாரென்று மட்டும் யாருக்கும் தெரியாது.

"அப்பாகிட்ட எத்தனையோ தடவை கேட்டேன். பேச்சை எடுத்தாலே எழுந்து போயிடுவார்," என்றார் முதலாளி. பின்சுவரில் மாட்டியிருந்த படத்தில், கம்பெனியை ஆரம்பித்த அப்பா தொப்பியோடு உதட்டை இறுக்கிக்கொண்டு முறைத்தார்.

அதிகாரி பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். மறுநாள் வரிசை தெருமுனையைத் தாண்டி நின்றது. ஆளுக்கொரு குழந்தைப் படம் கொண்டுவந்திருந்தார்கள். எல்லாமே அச்சு அசல் பாப்பாதான். பல் முளைக்காத வயதில் எல்லோரும் அப்படித்தான் இருக்கிறார்கள்.

"நிஜப் பாப்பாவுக்குக் காதோரம் மச்சம் உண்டு," என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார். மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் மச்சம் வந்துவிட்டது. ஒருவருக்கு இரண்டு காதிலும்.

சரி, கண்ணை மூடிச் சிரித்துக் காட்டுங்கள் என்றார். பேரன் பேத்தி எடுத்தவர்கள் வராந்தா முழுக்க அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோது முதலாளி வந்தார். பார்த்தார். வந்த வழியே போனார்.

வீட்டில் அதிகாரியின் மனைவி சட்டென்று வழி சொன்னாள். "எங்க அண்ணன் இருக்காரே!"

"உங்க அண்ணனுக்கு முன்பல் ரெண்டும் எட்டிப் பார்க்குமே?"

"வாயை மூடிட்டு உட்காரச் சொல்றேன்."

வேலையோடு வீட்டுச் சாப்பாடும் போனால் உடம்பு தாங்காது. அதிகாரி மச்சானையே பாப்பா என்று அறிவித்தார். உடனே வாசலில் 'போலிப் பாப்பா ஒழிக!' என்று கோஷம் கிளம்பியது. கல்லும் ஒன்றிரண்டு வந்து விழுந்தது.

வேறு வழியில்லாமல், அந்தப் படத்தை வரைந்த ஓவியரை விசாரித்துப் பிடித்துக் காரில் கூட்டிவந்தார். அவர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டதாகத்தான் கம்பெனியில் நினைத்திருந்தார்கள்.

ஓவியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மச்சானைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்.

"இதுல யாருமே இல்லை," என்றார்.

அதிகாரிக்கு அழுகையே வந்துவிட்டது. முதலாளி இருவரையும் தன் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"பின்னே அந்தக் குழந்தை எங்கேதான் இருக்கு, ஐயா?"

ஓவியர் பின்சுவரைப் பார்த்தார். கொஞ்சம் தயங்கினார்.

"உங்க அப்பாதான் தம்பி அது. தொப்பியையும் பல்செட்டையும் கழட்டி வச்சிட்டு மத்தியானத் தூக்கத்துல இருந்தாரு. நான் அந்தக் கிலுகிலுப்பையை மட்டும்தான் சேர்த்தேன்."