கல்யாண அரிசியும் ஏரிக்கரைத் தொப்பியும்

பேனா பிடித்து எழுதுகிற ஆள் இல்லை நான். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறக்கவே கூச்சப்படுகிறவன், இப்படி ஊரறிய எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் என் அக்காவின் கல்யாணக் கதையை ஆளாளுக்குக் கண்டபடி சொல்லித் திரிகிறார்கள். கெடுத்தவன் நான். சரியாகச் சொல்லும் உரிமையாவது எனக்கு வேண்டாமா?

ஜப்பான்காரன் காலம். மலாயாவில், பாலோ பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. (கிழங்குக்குக் கிழங்கையே தொட்டுக்கொண்டு சாப்பிட்டிருக்கிறோம்.) மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒருவேளையாவது அரிசிச் சோறு போட்டே தீரவேண்டும் என்று அம்மாவுக்கு வைராக்கியம். தன் ஒரே பட்டுச்சேலையைக் பக்கத்துக் கம்பத்து (கிராமத்து) மலாய்க்காரர் ஒருவரிடம் கொடுத்து, பத்து காத்தி, கிட்டத்தட்ட ஆறு கிலோ, அரிசிக்குப் பேசி வைத்திருந்தார். கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில், அதை வாங்கிவர என்னை அனுப்பினார். துணைக்கு என் கூட்டாளிகள் செபஸ்தியும் வேலுவும்.

"நேரா போயி நேரா வாடா," என்றார் அம்மா.

நேராகத்தான் போனோம். அரிசியும் வாங்கியாயிற்று. திரும்பும் வழியில் ஒரு செம்மண் பாதை பிரிந்தது. வெள்ளைக்காரத் துரைமார்கள் ஓய்வெடுக்க ஏரிக்கரையில் கட்டிய பங்களாவுக்குப் போகும் பாதை. சண்டைக்கு முன்னால் எங்களை அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவே விடமாட்டார்கள்.

"அவனுங்கதான் ஓடிட்டானுங்களே. துரை குளிச்ச தண்ணியில ஒரு முழுக்கு போட்டுட்டுப் போலாம் லா," என்றான் செபஸ்தி.

"அம்மா ஏசுவாங்க," என்றேன்.

"அப்ப அம்மாவையும் கூட்டியாந்திருக்கணும். இடுப்புல தூக்கி வச்சிக்குவாங்க," என்றான் வேலு.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அந்த வயதில் இதற்கு மேல் என்ன வேண்டும்? பாதையில் இறங்கிவிட்டேன்.

பங்களா வராந்தாவில் பிரம்பு நாற்காலிகள் அப்படியே கிடந்தன. மூவரும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து பார்த்தோம். வேலு ஒழுங்காகப் பால் வெட்டவில்லை என்று செபஸ்தி துரை குரலில் அவனை வேலையைவிட்டு நீக்கினான். பிறகு குளிக்கலாமென்று எழுந்தபோதுதான் பார்த்தோம். தண்ணீருக்குள் நீண்டிருந்த மரப்பாலத்தின் கோடியில் ஒரு ஜப்பான்காரன் நின்றுகொண்டிருந்தான். தொப்பி, சட்டை எல்லாம் கச்சிதம். வெயிலில் கண் கூசியதால் முகம் தெரியவில்லை.

ஜப்பான்காரனைக் கண்டால் இடுப்புவரை குனிய வேண்டும். அவன் சொல்லும்வரை நிமிரக் கூடாது. குளுவாங்கில் அவசரப்பட்டு நிமிர்ந்து அறை வாங்கியவன் வேலு. ஆகவே மூவரும் குனிந்தோம். தோளில் அரிசிப் பை. வியர்வை மூக்கு வழியாகச் சொட்டியது.

"என்னடா செய்யறான்?" செபஸ்தி முனகினான்.

"அசைய மாட்டேங்கறான். கோவமா இருப்பான் போல. இன்னும் கொஞ்சம் குனி," என்றான் வேலு.

இன்னும் குனிந்தோம். என் மூக்கு முழங்காலில் இடித்தது. அப்போது பின்னால் ஈரக் காலடிச் சத்தம். கால்களின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். கோவணத்தோடு ஒருவன் சொட்டச் சொட்ட வந்து நின்று ஏதோ கேட்டான். மீன் பிடிக்கிற சீனன் என்று நினைத்துக்கொண்டேன்.

"டியாம் லா!" வாயை மூடு என்று மலாயில் அதட்டினேன். (வாழ்க்கையில் நான் அதட்டிய முதல் ஆள்.) அங்கே ஜப்பான்காரன் நிற்கிறான், நீயும் குனி என்று கையால் சைகை காட்டினேன். அவனும் எங்கள் பக்கத்தில் குனிந்து, நாங்கள் யாரைக் கும்பிடுகிறோம் என்று எட்டிப் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான். பாலத்தில் நடந்து போனான். ஜப்பான்காரன் தலையிலிருந்த தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான்.

தொப்பிக்குக் கீழே தலை இல்லை. சட்டை மாட்டிய ஒரு துடுப்புதான் இருந்தது.

"அலமாக், ஐயோ," என்றான் செபஸ்தி.

கோவணமும் தொப்பியுமாக அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்து முடித்ததும் கண் பையின்மேல் விழுந்தது. "பெராஸ்?" என்றான். அரிசிதான் என்று தலையாட்டினேன். உள்ளங்கையைக் குவித்துக் காட்டி, "மாசாக்," என்றான். ஒரு கை அரிசி, சமை. அவ்வளவுதான் கேட்டான்.

எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் கைக்குப் புரியவில்லை. அங்கே கிடந்த மண்ணெண்ணெய்த் தகரத்தில், மரியாதையாகக் குனிந்தபடி, பத்து காத்தியையும் கொட்டினேன். கையோடு ஏரித் தண்ணீரையும் ஊற்றினேன்.

"டேய்! ஒரு கைதான்டா கேட்டான்!" வேலு அலறியபோது அவன் அடுப்பு மூட்டத் தொடங்கிவிட்டான்.

தகரம் பொங்கிப் பொங்கி வழிந்தது. அவன் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். தகரக் கிண்ணத்தில் ஒரு கிண்ணம் சாப்பிட்டான். சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான். ஒரு தகரம் சோற்றைக் கம்பில் கட்டிச் சுமந்துகொண்டு நடந்தோம். வழியில் ஒருவரும் ஒரு பருக்கையைத் தொடவில்லை. (வேலு தொட்டான்.)

லயத்து வீட்டு வாசலில் அம்மா தகரத்தைத் திறந்து பார்த்தார். என்னை ஏசவில்லை. சேலைப் பெட்டி இருந்த மூலையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"தண்ணி ஊத்தி வைங்க," என்று மட்டும் சொன்னார்.

அத்தானுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால் இன்றும் வாசலில் நின்று, "மச்சான், சோறு இன்னைக்கு வடிச்சதா, நேத்து வடிச்சதா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். என் பிள்ளைகளும் சேர்ந்து சிரிக்கிறார்கள்.

அந்தச் சோறு வந்த மறுநாள் காலை பத்து மணிக்கு அக்காவுக்குத் தாலி கட்டினார்கள். மாப்பிள்ளை வீட்டார் இருபத்து மூன்று பேருக்கும் பழைய சோறும் கருவாடும் பரிமாறினோம். மிச்சம் இல்லை.