நடீன் கைக்கு அளவான துப்பாக்கி

மதிப்புக்குரிய மைத்துனர் ஹோபர்ட் அவர்களுக்கு,

கென்டக்கியிலிருந்து தங்கள் தங்கை நடீனின் கணவன் வர்ஜில் எழுதிக்கொள்வது. ஒஹாயோவில் தாங்களும் வீட்டாரும் சுகமென்று நம்புகிறேன். இங்கும் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மூக்கு வீங்கி ஒரு கண் பாதி மூடிக் கிடக்கும்போது அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகப் பொய் எழுத மனம் வரவில்லை.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து வீட்டு ராய்ஸ் பிளெட்ஸோவைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஷெரீஃப் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவன், மனைவியை இழந்தவன், இந்த வயதிலும் தலையில் ஒரு முடிகூடக் கொட்டாதவன். அவன் முடியைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை, அடையாளத்துக்காகச் சொன்னேன். போன வாரம் எங்கள் பின்வாசலில் இருக்கும் குளிர்பெட்டியைத் திறந்து, நான் நவம்பரில் சுட்ட மானின் கறி முழுவதையும் எவனோ அள்ளிக்கொண்டு போய்விட்டான். நான் அப்போது வீட்டுக்குள்தான் இருந்தேன். காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தேன், அது ஒரு குற்றமா? காலிப் பெட்டியைப் பார்த்த உங்கள் தங்கை முதலில் சொன்ன வார்த்தை என்ன தெரியுமா? "ராய்ஸைக் கூப்பிடுங்க!" கட்டிய புருஷன் குத்துக்கல்லாட்டம் எதிரே நிற்கிறேன், ராய்ஸைக் கூப்பிட வேண்டுமாம்.

அவனும் கூப்பிடுவதற்குள் வந்தான், கையில் தன் துப்பாக்கியோடு. குழல் குட்டை, முன்பிடியில் விளக்கு, பக்கவாட்டில் உபரித் தோட்டாக்கள் செருகிவைக்க ஒரு பட்டை, எல்லாம் கச்சிதம். பக்கத்து வீட்டுக் குழந்தையை வாங்குகிற மாதிரி நடீன் அதை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தாள். பிறகு நம்முடையதை எடுத்துவரச் சொன்னான். எங்கள் கல்யாணத்துக்குத் தாங்கள் பரிசாகக் கொடுத்த அதே நீளக் குழல் பம்ப் துப்பாக்கி, முன்பிடியை இழுத்துத் தள்ளிச் சுடுவது.

"என்னப்பா வர்ஜில், இது துப்பாக்கியா, துடுப்பா?"

"என் மச்சான் கொடுத்தது. பார்த்துப் பேசு."

"வாத்து சுடறதுக்கு ஜோரா இருக்கும். உன் வீட்டு நடையில இதைத் திருப்பணும்னா முதல்ல செவுத்தை இடிக்கணுமே!"

நடீன் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர. இதைவிட நல்ல வேடிக்கை எத்தனையோ நான் சொல்லியிருக்கிறேன், ஒன்றுக்காவது அவள் அப்படிச் சிரித்ததில்லை. அதோடு விட்டானா? "குட்டைக் குழல் கடையில கிடைக்கும், மாத்திடலாம். தோள்ல வைக்கிற கட்டைதான் நீளம். கையை மடக்கு நடீன்" என்று சொல்லி, அடிக்கட்டையை அவள் முழங்கை மடிப்பில் வைத்து, விரல் விசைக்கு எட்டுகிறதா என்று பார்த்தான். அளவெடுப்பது அப்படித்தான், எனக்கும் தெரியும். அதற்காக அவள் முழங்கையை ஐந்து விரலாலும் பிடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? துப்பாக்கி என்னுடையது, அளவு ஏன் அவளுக்கு என்று கேட்டேன்.

"சத்தம் கேட்டா எந்திரிக்கப்போறது யாரு?" என்றான் ராய்ஸ். இரண்டு பேரும் மேசைமேல் கிடந்த என் காதுக் கருவியைப் பார்த்தார்கள். வியாழக்கிழமை ரம்பத்தோடு வந்து வெட்டித் தருவதாகச் சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுச் சோள ரொட்டியில் பெரிய துண்டாக ஒன்றை எடுத்துக்கொண்டு போனான்.

மச்சான், நீங்களே சொல்லுங்கள், எந்த ஆம்பளை வியாழக்கிழமை வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்? புதன்கிழமையே குட்டைக் குழலை வாங்கி மாட்டினேன். கட்டையையும் நானே வெட்டிவிடுவது, அதுவும் என் அளவுக்கு, இந்த வீட்டுக்குக் காவல் யார் என்று அந்த இரண்டு பேருக்கும் காட்டிவிடுவது என்று களஞ்சியத்துக்குள் போனேன். அங்கேதான் விதி விளையாடியது. பிறந்ததிலிருந்து நான் துப்பாக்கியைத் தோளில் வைத்ததெல்லாம் மான் பருவத்தில், நவம்பர்க் குளிரில். வேட்டைக்குப் போடும் கனத்த மான்கோட்டு இல்லாமல் குறிபார்த்தால் எனக்கு ஏதோ அரைகுறையாய் நிற்கிற மாதிரி இருக்கும். ஆகவே ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்து மாட்டினேன், உள்ளே வழக்கம்போல இரண்டு ஸ்வெட்டர். ஜூன் மாதம்தான், வேர்த்து ஊற்றியது, இருந்தாலும் முறை முறைதானே! அந்தக் கோலத்தில் முழங்கையில் வைத்து அளந்து, கோடு போட்டு, வெட்டி, தேய்த்து, ரப்பர்த் திண்டைத் திருகி முடித்தேன். தோளில் வைத்துப் பார்த்தால் தாயோடு பிள்ளை மாதிரி ஒட்டியது. பெருமை தாங்காமல் கோட்டைக் கழற்றினேன். பனியனோடு மறுபடி வைத்துப் பார்த்தால், மச்சான், அது சின்னப்பிள்ளை விளையாட்டுத் துப்பாக்கியாக மாறியிருந்தது. இத்தனை கனத்தில் நான் அளந்தது என் கையை இல்லை, கோட்டை.

வெட்டின கட்டை வளருமா? சரி, சுட்டுப் பார்த்தால் பழகிவிடும் என்று என் கைவிளக்கு ஒன்றைக் குழலில் டேப் போட்டு ஒட்டி, களஞ்சியத்துக்குப் பின்னால் மண்மேட்டில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்துச் சுட்டேன். கட்டை குட்டையானதால் பிடித்திருந்த என் கட்டைவிரல் என் மூக்கிலேயே வந்து குத்தியது. விளக்கு பிய்த்துக்கொண்டு நடீனின் பீன்ஸ் பாத்திக்குள் பறந்தது. அட்டைப்பெட்டி மட்டும் அப்படியே இருந்தது.

வியாழக்கிழமை அவன் வந்துவிட்டான். கையில் ரம்பம், முகத்தில் சவரம். நான் மூக்கில் ஈரத்துணியோடு களஞ்சிய மூலையில் உட்கார்ந்திருந்தேன். அவன் துப்பாக்கியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சுவரில் தொங்கிய கோட்டையும் பார்த்தான், துப்பாக்கியை எடுத்து நடீனின் முழங்கையில் வைத்தான். அவள் விரல் விசையின்மேல் போய்ப் பூவாட்டம் உட்கார்ந்தது.

"நடீன், தையல்காரன் தைச்ச மாதிரி இருக்கே, யார் வெட்டினது?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, எனக்காகவா வெட்டுனீங்க?"

ஆண்டவர் மன்னிப்பாராக. "பின்னே, வேற யாருக்காம்?" என்றேன். ராய்ஸ் பார்க்கப் பார்க்க என் வீங்கின மூக்குக்குப் பக்கத்தில் முத்தம் கொடுத்தாள். வலியில் உயிர் போனது, ஆனாலும் அந்த நிமிஷம் ராய்ஸின் ரம்பம் சும்மா கிடந்ததைப் பார்த்ததில் மனசு குளிர்ந்துபோனது. அவன் விளக்கையும் தோட்டாப் பட்டையையும் மட்டும் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான்.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. நேற்று எங்கள் ஊர்த் தீயணைப்பு வண்டிக் கொட்டகையில் வழக்கமான அட்டை சுடும் போட்டி. அட்டையில் போட்ட பெருக்கல் குறிக்கு யாருடைய ரவை மிக நெருக்கமாக விழுகிறதோ அவர்களுக்கு ஒரு முழுப் பன்றித்தொடை. நடீன் அந்தத் துப்பாக்கியோடு போய் நின்று ஒரே ஒரு சூடு போட்டாள், குறியின் நட்டநடுவில் ஓட்டை. ராய்ஸ் தோற்றான்! "என் வீட்டுக்காரர் எனக்குன்னே அளவெடுத்து வெட்டினது" என்று ஊர் கூடியிருக்கிற இடத்தில் உரக்கச் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து என்ன செய்தாள்? அந்தத் தொடையைச் சரிபாதியாக அறுத்து, கொழுப்பு நிறைந்த நல்ல பாதியை ராய்ஸ் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். ஏன் என்று கேட்டால், "பாவம், தனியா இருக்காரு" என்கிறாள். வெட்டினது நான், மூக்கு உடைந்தது எனக்கு, தொடை அவனுக்கா? எனக்குப் பொறாமை என்று யாரும் சொல்லக்கூடாது. பொறாமைதான், வைத்துக்கொள்ளுங்களேன். இவள் மனசில் நான் இருக்கிறேனா, அவன் இருக்கிறானா என்று தெரியாமல் சோறு இறங்கவில்லை. ஆகவே தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, மூத்தவர் என்ற முறையில் தங்கையிடம் நாலு வார்த்தை பேச வேண்டும்.

தங்கள் வீட்டில் சிறியவர்களுக்கு என் ஆசிகள். பெரியவர்களுக்கு, மூக்கு நிலத்தில் படாத அளவுக்கு, என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத மைத்துனன்,
வர்ஜில் டாக்கெட்

பி.கு.: அண்ணே, நான் நடீன் எழுதுறேன். கவரை ஒட்டித் தபால்ல போடச் சொல்லிட்டுத் தூங்கிட்டாரு, படிச்சுட்டுத்தானே ஒட்டுவேன்? ஜூன் வெயில்ல மான்கோட்டு மாட்டிக்கிட்டு வேர்க்க விறுவிறுக்க ரம்பம் போட்டதை, களஞ்சியக் கதவு திறந்து கிடந்ததால, சமையலறை ஜன்னல் வழியா முழுசாப் பார்த்தேன். கோட்டுக் கையில ஒட்டியிருந்த மரத்தூளைப் பார்த்து ராய்ஸும் கண்டுபிடிச்சுட்டாரு. தீயணைப்புக் கொட்டகையில வாயைத் திறந்துட்டா இவர் ஊருக்குள்ள தலைகாட்ட முடியுமா? அந்தப் பாதித் தொடை அவர் வாயை மூடத்தான். நீங்க ஒண்ணும் கிளம்பி வர வேண்டாம், இங்கே எல்லாம் நல்லாத்தான் இருக்கு. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல இந்த மனுஷன் என்னை இப்படி வச்ச கண் வாங்காம பார்த்ததே இல்லை. குளிர்பெட்டிக்குப் பூட்டு மாட்ட நாளைக்கு ராய்ஸை வரச் சொல்லியிருக்கேன். பூட்டு மாட்ட எனக்கே தெரியும்.