சிக்னல் அண்ணையின் இருமல் மிட்டாய் டின்

போர்க்காலக் கொழும்பில் தமிழன் பிடிபடுவதற்கு ஆயிரம் காரணங்கள் இருந்தன. அதில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதைத் தள்ளிவிட்டு, மோட்டார் சைக்கிளின் சிக்னல் பல்ப் எரியாததுதான் ஒரே காரணம் என்று மனதார நம்பிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரும் வெள்ளவத்தையில் எங்கள் லொட்ஜின் கீழ்மாடியில்தான் இருந்தார். ஐசியில், அதுதான் அடையாள அட்டையில், அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். ஒழுங்கைக்கு அவர் சிக்னல் அண்ணை.

ஐம்பது தாண்டியவர். யாழ்ப்பாணத்தில் வயரிங் வேலை செய்தவர். கல்யாணம் முடிக்கவில்லை. முடித்திருந்தால் அந்தப் பெண்ணின் இரண்டு தோளிலும் மஞ்சள் லைட் பூட்டியிருப்பார்.

காலையில் நாங்கள் வேலைக்குப் புறப்படும்போது கேற்றில் நின்று பைக்குகளை மறிப்பார். "இடது போடு. வலது போடு. பின்னுக்கு எரியேல்லை, இறங்கடா மாடு!" ஆமிக்காரன் எங்களை மறித்ததைவிட அவர் மறித்ததுதான் அதிகம்.

"தம்பி, அவங்களுக்கு ஒரு சாட்டு வேணும். நீ அந்தச் சாட்டைக் குடுக்காதை. பொலிஸ் பதிவு இருக்கு, லைசன்ஸ் இருக்கு, சிக்னலும் எரியுது எண்டால் உன்னை என்னெண்டு பிடிக்கிறது?"

"பேரைப் பார்த்துப் பிடிப்பாங்கள் அண்ணை."

"பேருக்குச் சட்டத்தில ஃபைன் இல்லை."

ஒருமுறை காலி வீதியில் ஒரு பொலிஸ்காரரின் பைக்கையே கைகாட்டி நிறுத்திவிட்டார். பின் சிக்னல் எரியவில்லையாம். நாங்கள் தேநீர்க் கடைக்குள் ஒளிந்து நின்று, இந்த மனுசனின் செத்தவீட்டுக்கு யார் யார் லீவு எடுப்பது என்று யோசித்தோம். பொலிஸ்காரரோ திகைத்துப்போய் இறங்கி நின்றார். அண்ணை சட்டைப் பையிலிருந்து ஒரு பல்பை எடுத்துப் பூட்டிவிட்டார். பொலிஸ்காரர் சிங்களத்தில் "ஸ்துதி" என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு ஸ்துதியை வைத்துக்கொண்டு அண்ணை இரண்டு வருடம் எங்களை வதைத்தார்.

பிறகு பஞ்சிகாவத்தை மோட்டார் உதிரிப்பாகக் கடைகளுக்கு எல்.ஈ.டி லைட் வந்தது. பல்ப் ஃபியூஸ் போகும், எல்.ஈ.டி போகாது. தமிழனுக்கு விடிவு வந்துவிட்டது என்று அண்ணை முடிவு கட்டினார். முதல் பலி என் பைக். நாலு பல்பையும் கழற்றி எல்.ஈ.டி மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் சிக்னல் பேய் பிடித்ததுபோல் படபடவென்று அடித்தது.

"எல்.ஈ.டி கரண்ட் குடிக்காது. சிக்னலை விட்டுவிட்டு அடிக்கவைக்கிற இந்த ஃப்ளாஷருக்குப் பாரம் பழகிப்போச்சு. பாரம் இல்லாட்டி அதுக்கு விசர் பிடிக்கும்" என்று விளக்கினார்.

அதற்கு மருந்து ரெசிஸ்டர். அதாவது, கரண்டை மிச்சம் பிடிக்க ஒரு லைட், மிச்சம் பிடித்த கரண்டை வீணாக்க இன்னொரு சாமான். ரெசிஸ்டர் சூடேறும் என்பதால் இரண்டை எடுத்து ஓர் இருமல் மிட்டாய் டின்னுக்குள் இறுக்கினார். துளை போட்டுச் சிவப்பும் கறுப்புமாக வயர்களை வெளியே எடுத்து, மூடியைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டி, சீற்றுக்குக் கீழே கட்டிவிட்டார். அவ்வளவு துப்புரவான வேலை. சிக்னல் பழையபடி நிதானமாக அடித்தது. கைதட்டினேன். வாசகர்களே, உங்களுக்கு விளங்கியது எனக்கு விளங்கவில்லை.

நாலாம் நாள் காலை கொள்ளுப்பிட்டியில் ஒரு சிப்பாய் என் சீற்றைத் தூக்கிப் பார்த்தான்.

"மேக்க மொகக்த?" இது என்ன என்றுதான் கேட்டான். பதில் சொல்ல அவகாசம் இருக்கவில்லை. விசில் ஊதினார்கள். வீதியை மூடினார்கள். நான் தலையில் கைவைத்து முழங்காலில் நின்றேன். குண்டு பிரிக்கிறவர் வந்து டின்னைத் திறந்தார். உள்ளே விரல் பருமனில் இரண்டு ரெசிஸ்டர்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஸ்டேஷனில் ஒரே கேள்வி: யார் செய்தது? இரண்டு மணித்தியாலம், கடையில் வாங்கினேன் என்று சாதித்தேன். மூன்றாவது மணித்தியாலம் கன்னத்தில் ஒன்று விழுந்தது. ஒன்றேதான். அந்த ஒன்றுக்கே லொட்ஜ், ஒழுங்கை, அறை இலக்கம் எல்லாம் சொல்லிக் கையெழுத்தும் வைத்துவிட்டேன். இத்தனை வருடமாக இந்தப் பத்தியில் ஊர்க் கோழைகளை எல்லாம் கிண்டல் செய்கிறேன். ஒரு கோழையை மட்டும் எழுதாமல் விட்டிருந்தேன்.

அண்ணையைக் கூட்டிவந்தார்கள். மனுசன் அயன் பண்ணிய சேர்ட்டோடு வந்தார். தொழில்நுட்ப விளக்கம் கேட்டு அழைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்! பையிலிருந்து பற்றரி, ஃப்ளாஷர், எல்.ஈ.டி எல்லாம் எடுத்து மேசையில் பரப்பி, உடைந்த சிங்களத்தில் பாடம் நடத்தினார். ரெசிஸ்டரைத் தொடுத்ததும் லைட் நிதானமாக அடித்தது. இரண்டு கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். ஒருவர், தன் பைக்குக்கும் பூட்டித் தர முடியுமா என்று கேட்டார். தப்பிவிட்டோம் என்றுதான் நானும் நினைத்தேன்.

அவருடைய அறையைச் சோதிக்கப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். கையில் இன்னும் பதினேழு இருமல் மிட்டாய் டின். எல்லாவற்றிலும் வயர், எல்லாவற்றிலும் டேப். ஒழுங்கையில் உள்ள எல்லாப் பைக்குக்கும் சேர்த்துச் செய்துவைத்திருந்தார்.

என்னை அன்று பின்னேரமே விட்டார்கள். அவரை ஏழு மாதம் கழித்து, வழக்கு எதுவும் இல்லை என்று விட்டார்கள். அந்த ஏழு மாதத்தில் ஒழுங்கையில் ஒருவன்கூட அவரைத் தெரியும் என்று சொல்லவில்லை. எல்.ஈ.டி கேட்டு அவருக்கு முன்னால் வரிசையில் நின்றவர்கள்தான் அத்தனை பேரும். நான் பழைய பல்பை வாங்கி மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். ஒருமுறைகூட அவரைப் போய்ப் பார்க்கவில்லை.

வெளியே வந்தவர் லொட்ஜுக்குத்தான் வந்தார். அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். கேற்றில் பையோடு நின்றார். முன்பல் இரண்டு இல்லை.

"அண்ணை, உங்கட பேரைச் சொன்னது நான்தான்."

"தெரியும். உன்ர கையெழுத்தைக் காட்டினவங்கள்." பையைக் கீழே வைத்தார். "பிழை என்னிலதான் தம்பி. டின்னுக்கு மேல 'சிக்னல் ரெசிஸ்டர்' எண்டு மூண்டு மொழியிலயும் எழுதி ஒட்டியிருக்க வேணும். அவங்களுக்குச் சாட்டாப் போச்சு."

கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிசமாகத்தான் சொன்னார். அந்த முகத்தைப் பார்த்து ஒரு மன்னிப்புக் கேட்க என் வாய் எழும்பவில்லை.

அன்றே அவரைக் கொழும்புக் கோட்டையில் வவுனியா பஸ் ஏற்றிவிட்டேன். அதற்குப் பிறகு எங்கே போனார், இருக்கிறாரா என்றும் தெரியாது. விசாரித்த இடமெல்லாம் கையை விரிக்கிறார்கள். இதை எங்கேயாவது இருந்து வாசித்தால் கேளுங்கள்: ஒருதரமாவது என்னைத் திட்டிவிட்டுப் போயிருக்கலாம், அண்ணை.